முதல் மடக்கு

கொட்டிவாக்கத்து வீட்டுக்கு நான் போன முதல் நாளே, பெரியவர் தம் முன்னால் வைக்கப்பட்ட தேநீர்க் கோப்பையை என் பக்கம் நகர்த்தி, “முதல் மடக்கை நீர் குடியும்” என்றார். குடித்தேன். அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோப்பையை வாங்கி, நான் வாய் வைத்த இடத்துக்கு எதிர்ப்பக்கம் வாய் வைத்து மீதியைக் குடித்து முடித்தார்.

நான் உருகிப்போனேன். கடலுக்கு அந்தப் பக்கம் போர் நடந்த காலத்தில் ஓர் இயக்கத்தையே ஆட்டிவைத்த நாலைந்து பேரில் ஒருவர், போயும் போயும் மயிலாப்பூர் டிடிபி கடைக்காரனுக்குத் தம் தேநீரைக் கொடுக்கிறார்! சாந்தோமில் வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் அளந்தேன். “மரியாதைன்னா அதான் மரியாதை. எனக்குக் கொடுத்துட்டுத்தான் அவர் குடிக்கிறார்.”

“எச்சிக் கப்பைத் தள்ளினதுக்கா இந்தச் சீனு?” என்றாள் அவள். “போய் மூஞ்சியக் கழுவு. சந்தோசத்துல வீங்கிக் கீது.”

பெரியவரின் பெயரை இங்கே போடமாட்டேன். இயக்கத்தின் பெயரையும். அவரும் தம் புத்தகத்தில் யார் பெயரையும் போடவில்லை. அது ஒன்றில்தான் நாங்கள் இருவரும் ஒத்துப்போனோம். போர் பாதி நடந்துகொண்டிருந்தபோதே சொந்த இயக்கத்தோடு முறைத்துக்கொண்டு படகேறி வந்தவர். எழுபதைத் தாண்டிவிட்டார். இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் வேண்டாம் என்று பிடிவாதம். மயக்க ஊசி போட அடுத்தவனுக்குக் கையை நீட்டுவதாவது! அதனால் அவர் சொல்லச் சொல்ல டைப் செய்ய ஓர் ஆள் தேவைப்பட்டது. என் கடையில் திருமணப் பத்திரிகை அடித்த யாரோ கைகாட்ட, வாரத்தில் மூன்று நாள், காலை பத்து முதல் பன்னிரண்டு வரை, மடிக்கணினியோடு அங்கே போய்வந்தேன்.

என் வேலை முறையைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததெல்லாம் அதனால்தான்.

ஒன்று: காதில் விழுவது நேராக விரலுக்குப் போய்விடும். நடுவில் மூளையில் இறங்காது. இறங்கினால் வேகம் போய்விடும். இருபத்தைந்து வருடமாகத் திருமணம், மஞ்சள் நீர், கண்ணீர் அஞ்சலி, முனைவர் பட்ட ஆய்வு எல்லாம் என் வழியாகப் போயிருக்கின்றன. ஒரு சொல்லும் தங்கியதில்லை. என் சொந்தப் பெரியப்பாவின் கண்ணீர் அஞ்சலியை அடித்து, பிரிண்ட் எடுத்து, கொண்டுவந்தவன் கையில் கொடுத்த பிறகு, “யாருப்பா இது, எங்க பெரிப்பா மாதிரியே கீறாரு?” என்று கேட்டவன் நான்.

இரண்டு: பக்கம் முடிந்ததும் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். பிழை கண்ணுக்குத் தப்பினாலும் காதுக்குத் தப்பாது. மாதா கோயிலில் கிறிஸ்துமஸ் நாடகம் போட்டு வளர்ந்த தொண்டை என்பதால் சும்மா படிக்க வராது. ஏரோது மன்னன் பேசினால் ஏரோது, மாதா பேசினால் மாதா. பெரியவருக்கு அது பிடித்திருந்தது. “நீர் ஒரு கூத்தாடி” என்பார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அவருக்கும் ஒரு முறை இருந்தது. எதையும் இரண்டாம் தரம் சொல்லமாட்டார். களத்தில் கட்டளையை ஒருமுறைதான் சொல்வாராம், கேட்காதவன் தொலைந்தான். என்னிடமும் அதேதான். “சார், கடைசி வார்த்தை இன்னா?” என்று ஒருமுறை கேட்டேன். அவர் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டார். அந்த வாக்கியம் கடைசிவரை வாலில்லாமலே நின்றது.

அவர் சொன்ன வாழ்க்கை இப்படிப்பட்டது. மூன்று நாளைக்கு மேல் ஒரு வீட்டில் தங்கியதில்லை. செருப்பைக் கழற்றாமல் தூங்கினார். எந்த அறையிலும் வாசலைப் பார்த்துத்தான் உட்காருவார். கொட்டிவாக்கத்திலும் அப்படித்தான், நான் வாசலுக்கு முதுகு காட்டி உட்காருவேன். கடைவாய்ப்பல்லைக் குறடு வைத்துத் தாமே பிடுங்கிக்கொண்டார். தாயார் இறந்த செய்தி வயர்லெஸ்ஸில் வந்தபோது, “சரி, அடுத்தது?” என்று கேட்டார். இதையெல்லாம் கறிக்கடையில் எடை சொல்கிற குரலில் சொல்வார். நான் அடித்து முடித்து, கணீரென்று படித்துக் காட்டுவேன்.

மூன்றாவது மாதம் அவர் தம் கல்யாணத்தைச் சொன்னார். அடித்தேன். படித்தேன். “தாலி கட்டின கையோட பாயசம் வந்தது. முதல் வாய் அவளைத்தான் குடிக்க வைச்சன். அவள் அதை ஆசை எண்டு நினைச்சுச் சிரிச்சாள். ஏன் எண்டு பிறகு சொன்னன். அதுக்குப் பிறகு அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கேல்லை. நான் இருந்த இடத்தில, நஞ்சு எண்டால் சாப்பாட்டிலதான் வரும்.”

நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். பக்கத்தில் கோப்பை இருந்தது. அன்றைய முதல் மடக்கு என் வயிற்றில் இருந்தது. மூன்று மாதமாக, வாரத்துக்கு மூன்று நாள்! மரியாதை என்று நான் வீட்டில் அளந்ததெல்லாம், எலிக்கு வைத்துப் பார்க்கிற வேலை.

அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் வயிறு வலித்தது. நாக்கு தடித்தது. அடையாறு பாலத்தில் வண்டியை ஓரங்கட்டி, ஹெல்மெட் கண்ணாடியில் நாக்கை நீட்டி நிறம் பார்த்தேன். பின்னால் நின்ற ஆட்டோக்காரர், “இன்னா தலைவா, யாருக்கு நாக்கு காட்டற?” என்று கேட்டுவிட்டுப் போனார். மனைவியிடம் சொன்னபோது, “மூணு மாசமா சாவலையே, அப்ப டீ நல்லாத்தான் கீது” என்றாள். “பயமாயிருந்தா போவாத.” போகாமல் இருப்பதற்கு அதைவிடப் பயமாக இருந்தது. போனேன்.

“சார், இங்க யாரு உங்களுக்கு விஷம் வெக்கப் போறாங்க?” என்று அடுத்த நாள் சிரிப்பதுபோலக் கேட்டேன்.

“இண்டைக்கு ஒருத்தரும் இல்லை” என்றார். முகம் மட்டும் சமையலறைப் பக்கம் திரும்பியது.

சமையலறையில் இருந்தது அவர் ஊர்க்காரப் பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். ஒன்பது வருடமாக அவருக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கணவர் பெரியவரின் முகாமில் இருந்தவர். ஷெல் விழுந்து செத்தார் என்று சொல்லியிருந்தார்கள். அப்போது அந்த அம்மாள் நிறைமாதம். பிறந்த பெண்ணைத் தூக்கிக்கொண்டு அகதியாக வந்து, வருடக்கணக்காக முகாமில் கிடந்தவரைப் பெரியவர்தான் தேடிப்பிடித்து அழைத்துவந்தாராம். பெண்ணைத் திருச்சியில் கட்டிக்கொடுத்தாயிற்று. என்னை “பயந்த அண்ணை” என்று கூப்பிடுவார். முதல் மடக்கு எனக்கு என்பதால் சீனியைக் கூடக் கொஞ்சம் போடுவார். ஆக, நஞ்சைத் தவிர எனக்குச் சர்க்கரை வியாதி என்ற அபாயமும் இருந்தது.

ஒருநாள் வாசல் வரை வந்து கேட்டார். “அண்ணை, புத்தகத்தில என்ரை அவரைப் பற்றி வருதே?”

“இன்னும் வரலம்மா.”

“வந்தா எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோ. ஒரு துண்டும் மிஞ்சேல்லை எண்டு சொன்னவை. எண்டாலும் எந்த இடம் எண்டு இருக்குந்தானே? ஒரு விளக்குக் கொளுத்த ஒரு இடம் இல்லாமப் போச்சு எனக்கு. அது ஒண்டுதான் வேணும்.”

“கண்டிப்பா படிச்சுக் காட்டறேன்” என்றேன். வாக்குக் கொடுப்பதில் நான் என்றைக்குமே தாராளம்.

தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அது நடந்தது. அந்த அம்மாள் கடற்கரைக் குப்பத்துக்கு மீன் வாங்கக் கிளம்பினார். கேட் சாத்துகிற சத்தம் கேட்கும் வரை பெரியவர் பேசாமல் இருந்தார். பிறகு தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார். விரல் ஓடியது. ஒரு பக்கம் சொல்லி முடித்து, “அந்தக் கடைசி வரி வேண்டாம். வெட்டும்” என்றார். வெட்டினேன். “வாசியும்.”

என்ன அடித்தேன் என்பது படிக்கும்போதுதான் எனக்கே தெரியும். வழக்கமான கணீர்க் குரலில் தொடங்கினேன்.

“நாலு வருசம் எனக்கு முதல் வாய் சாப்பிட்டவன் அவன். அண்டைக்குச் சோத்தைத் தொடமாட்டன் எண்டு நிண்டான். ஏன் எண்டு கேட்டன். ‘இண்டைக்கு ஏலாது அண்ணை’ எண்டு மட்டும் சொன்னான். அந்தக் கிழமைதான் பக்கத்து முகாமில ஒருத்தனுக்குச் சாப்பாட்டில வைச்சிருந்தவங்கள். நான் ரெண்டாம் தரம் கேக்கேல்லை. வெளியில கொண்டுபோய் முடிக்கச் சொன்னன். பிறகு அந்தச் சோத்தை நாய்க்கு வைச்சம். நாய் திண்டிட்டு வாலை ஆட்டிச்சுது. இன்னும் கேட்டுது.”

என் குரல் இறங்க ஆரம்பித்தது. ஆனால் அடுத்து ஒரு கடிதம். செத்தவனின் சட்டைப் பையில் இருந்ததாம். பெண் எழுதிய கடிதம். தொண்டைப் பழக்கம் என்னை விடவில்லை; நடுக்கத்தை மறைக்கவும் அதுதான் வழியாக இருந்தது. குரலை மெல்லியதாக்கி, மாதா வேடம் போட்டவனைப் போல இழுத்து இழுத்துப் படித்தேன்.

“கந்தசஷ்டி ஆறு நாளும் விரதம் பிடியுங்கோ. பிள்ளை தலை திரும்பேல்லை எண்டு மருத்துவிச்சி சொல்லுறா. அங்க சாமி கும்பிட்டால் சிரிப்பாங்கள் எண்டு சொன்னீங்கள். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. எனக்காகச் சொல்லாமப் பிடியுங்கோ.”

மீன் வாசனை வந்தது.

திரும்பிப் பார்த்தேன். வாசலில் அந்த அம்மாள் நின்றுகொண்டிருந்தார். பையிலிருந்து தண்ணீர் சொட்டி, காலடியில் ஒரு சின்னக் குட்டை கட்டியிருந்தது. வந்து வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும். வாசலைப் பார்த்தே உட்காருகிற மனிதர் பெரியவர். கண்புரை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நான் கோப்பையைக் கொஞ்சம் இடம் மாற்றி வைத்தால்கூடக் கண்டுபிடிக்கிற கண் அது.

அந்த அம்மாள் மீன் பையோடு உள்ளே போனார். குழாய் திறந்தது. அடுப்புப் பற்றவைக்கிற சத்தம் கேட்டது. நான் மடிக்கணினித் திரையையே பார்த்தேன். திரையில் நாய் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

“ஏன் சார் இவங்களக் கூட்டிட்டு வந்து வெச்சிருக்கீங்க?” என்று கிசுகிசுத்தேன். என் வாழ்நாளில் நான் கேட்ட ஒரே தைரியமான கேள்வி. அதுவும் வெறும் காற்றாகத்தான் வந்தது.

“கண்ணுக்கு முன்னால இருந்தால் நிம்மதி” என்றார்.

தேநீர் வந்தது. ஒரே கோப்பை. எப்போதும் வைக்கிற இடத்தில் வைத்துவிட்டு அந்த அம்மாள் சுவரோடு நின்றார். பெரியவரின் கை கோப்பையை என் பக்கம் நகர்த்தியது. எப்போதும் போல, அதே வேகத்தில்.

“குடியும்.”

உண்மையைச் சொல்கிறேன். அந்த நேரத்தில் எனக்கு அந்த அம்மாளின் கணவர் ஞாபகம் வரவில்லை. நாய் ஞாபகம் வரவில்லை. என் எல்ஐசி பாலிசி ஞாபகம் வந்தது. வாய் தானாகத் திறந்து சொன்னது:

“இன்னிக்கு முடியாது சார். வெள்ளிக்கிழமை. தவக்காலம். நான் விரதம்.”

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்குக் கேட்டது.

பெரியவர் என்னைப் பார்த்த பார்வையை இதற்குமுன் ஒருத்தன் பார்த்திருக்கிறான். அவன் திரும்பி வந்து சொல்லவில்லை. நான் சொல்கிறேன்: அதில் கோபம் இல்லை. கணக்கு வாத்தியார் விடை பார்க்கிற பார்வை.

அந்த அம்மாள் நடந்து வந்து கோப்பையை எடுத்தார். ஆவி பறக்கிற தேநீரை நின்றபடியே, ஒரே மூச்சில் குடித்தார். கண்ணில் நீர் முட்டியது, சூடாக இருந்திருக்கும். வெறும் கோப்பையைப் பெரியவர் முன்னால் கவிழ்த்து வைத்தார்.

“எனக்கு நஞ்சு வைக்கத் தெரியாது அண்ணை. ஒன்பது வருசமாச் சமைச்சும் உங்களுக்கு அது விளங்கேல்லை. எங்க தாட்டனீங்கள்?”

பெரியவர் கவிழ்ந்திருந்த கோப்பையை நிமிர்த்தி வைத்தார்.

“எங்க?”

“ஒருக்காச் சொல்லிப்போட்டன்” என்றார் பெரியவர். “இவரிட்டக் கேள்.”

வெட்டச் சொன்ன அந்தக் கடைசி வரி! புதைத்த இடம் அதில்தான் இருந்திருக்கிறது. அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். கோப்பு திறந்தே இருந்தது. ஒரு விசை அழுத்தினால் வெட்டிய வரி திரும்பி வந்து உட்கார்ந்திருக்கும். என் தொழிலில் முதல் நாள் கற்றுக்கொள்கிற வித்தை. நான் என்ன செய்தேன் தெரியுமா? மடிக்கணினியைப் படக்கென்று மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு, “கடையில ஆள் வெயிட் பண்றாங்க, நாளைக்கு வரேன்” என்று சொல்லி, ஒரு கால் செருப்போடு படியிறங்கி ஓடினேன். இன்னொரு செருப்பு இன்னும் கொட்டிவாக்கத்தில்தான் இருக்கிறது.

வீட்டில் மனைவி கதவைத் திறந்தாள். “இன்னாய்யா, ஒத்தச் செருப்போட வர? எந்தக் கோயில்ல கச்சேரி?”

சொன்னேன். அவள் சிரிப்பு நின்றது. “அந்தம்மா இன்னா பண்ணாங்க?” என்று கேட்டாள். என் கவலை வேறு. “கொலை பண்ணேன்னு ஒருத்தர் சொல்லி, நான் டைப் பண்ணிருக்கேன். போலீஸ் வந்தா நானும் உள்ள. மெஷின்ல என் விரல் ரேகை கீது.”

“உன் மெஷின்ல உன் ரேகை இல்லாம பக்கத்து வூட்டுக்காரன் ரேகையா இருக்கும்?”

அந்த நியாயமெல்லாம் என் காதில் ஏறவில்லை. மூன்று மாத வேலையை அழித்தேன். அழித்தது திரும்பி வராதபடி மொத்த மடிக்கணினியையும் துடைத்தேன். நகல் வைத்திருந்த பென் டிரைவைச் சுத்தியலால் தட்டி, சாந்தோம் கடற்கரைக்குக் கொண்டுபோய் அலையில் எறிந்தேன். அலை அதைத் திருப்பிக் கொண்டுவந்து காலடியில் போட்டது. மறுபடி எறிந்தேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர், “இன்னா நைனா, மீனுக்குச் சோறு போடறியா?” என்றார். மூன்றாவது வீச்சில் போனது. தைரியசாலி ஒருவனைப் போல வீட்டுக்கு நடந்தேன்.

நாலாம் நாள் அந்த அம்மாள் என் கடை வாசலில் நின்றார். கையில் ஒரு துணிப்பை. என் செருப்பைக் கொண்டுவரவில்லை.

“வீட்டை விட்டு வந்திட்டன்” என்றார். “அந்த ஒரு வரியை மட்டும் தாங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்.”

“அழிச்சுட்டேம்மா.”

“திரும்ப எடுக்கேலாதோ?”

“எல்லாத்தையும் அழிச்சுட்டேன். பயத்துல.”

அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. “அப்ப உங்களுக்கு ஞாபகம் இருக்குந்தானே? நீங்கள்தானே அடிச்சனீங்கள்.”

காது, விரல், நடுவில் மூளை இல்லை என்ற என் பழைய வேடிக்கைக் கதையை, எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்த கதையை, அவரிடம் சொன்னேன். கடைசிவரை கேட்டார். ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

“அப்ப விரலைக் கேளுங்கோ” என்றார். “கண்ணை மூடிக்கொண்டு கையை வையுங்கோ. அதுக்குத் தெரியும்.”

வைத்தேன். கண்ணை மூடினேன். முகாம் இருந்த ஊர்ப் பெயர் முந்தைய பக்கங்களில் பலமுறை வந்ததால் தெரியும். அந்த வரியில் ‘கிழக்கால’ என்று ஒரு சொல் இருந்ததாகத் தோன்றியது. தோன்றியதுதான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை, சுத்தமான வெள்ளைத் தாள். காதுகுத்துப் பத்திரிகை வாங்க வந்த ஒருவர், “இன்னா சார், தியானமா?” என்றார். நான் கண்ணைத் திறந்தேன். அந்த அம்மாள் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரசவ அறைக் கதவைப் பார்ப்பது போல.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல மூன்று எழுத்து. ஆனால் அவர் முகம் என்ன ஆகும் என்று பயந்தேன். என் பயத்துக்கு நஞ்சும் ஒன்றுதான், அழுகையும் ஒன்றுதான். விரல் ஓடியது. ஊர்ப் பெயரை அடித்து, “கோயில் கேணிக்குக் கிழக்கால, தனிப் புளியமரத்துக்குக் கீழ” என்று அடித்தேன். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.

தாளை இரண்டு முறை படித்தார். நாலாக மடித்து மணிபர்ஸில் வைத்தார். “நீங்கள் பயந்த ஆள்” என்றார். “ஆனால் நல்ல ஆள்.”

அவர் போனதும் முதல்முறையாக நானே பெரியவருக்கு போன் செய்தேன். “சார், அந்த இடம் எது? ஒரே ஒரு தடவை சொல்லுங்க.” “தேத்தண்ணி போட்டிருக்கிறன். வாரும்” என்றார். போகவில்லை. அவர் இப்போது வாழைப்பழமும் அவித்த முட்டையும்தான் சாப்பிடுகிறார் என்று அந்தக் குடியிருப்பின் காவலாளி சொன்னார். தோலைத் தாமே உரிக்க முடிந்தவை மட்டும்.

போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அந்த அம்மாளும் திருச்சிப் பெண்ணும் ஊருக்குப் போயிருக்கிறார்கள். கேணி இருக்கிறது. கேணிக்குக் கிழக்கே ஒரு புளியமரமும் இருக்கிறது. எந்த ஊரில்தான் இல்லை? மரத்தடியில் விளக்கு எரிகிறது. அந்தப் பெண் மண்ணில் நெற்றி பட விழுந்து கிடக்கிறாள். அப்பாவை அவள் பார்த்ததே இல்லை.

படத்துக்குக் கீழே குரல் பதிவு. “அண்ணை, நீங்கள் சொன்ன இடத்தில அப்பிடியே மரம் நிக்குது. பிள்ளை ஒரு கல்லு வைக்கவேணும் எண்டு சொல்லுறாள். அதில வெட்டுறதுக்கு எழுத்து வேணும். அவரின்ரை பெயரும், இவ்விடத்தில் உறங்குகிறார் எண்டும். அதை நீங்கள்தான் அடிச்சுத் தரவேணும்.”

நான் அடித்துக் கொடுத்த இடம் புளுகு என்று தெரிந்த மனைவி, என் தோளுக்கு மேலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். “சொல்லிடுய்யா” என்றாள். “இப்பவாவது சொல்லிடு.”

கல்லில் வெட்டுவதற்குத் தடித்த எழுத்துதான் எடுக்கும். எழுபத்திரண்டு பாயின்ட் வைத்தேன். பெயர். அடுத்த வரி. “இவ்விடத்தில்” என்பதை அடிக்கும்போது, வாழ்க்கையில் முதல்முறையாக ஒவ்வோர் எழுத்தும் மூளை வழியாகத்தான் விரலுக்கு வந்தது. மெதுவாக வந்தது. முடித்ததும் பிழை இருக்கிறதா என்று சத்தமாகப் படித்துப் பார்க்க வேண்டும். அதுதான் என் தொழில் முறை.

படிக்கவில்லை. அப்படியே அனுப்பிவிட்டேன்.